மேற்கு மாம்பலம்: பழைய ஃப்ளாட்டை இடிக்கக் கொடுக்கலாமா? ஏழாவது கையெழுத்து என்னுடையது

ரெண்டாவது மாடி:

வணக்கம். மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து எட்டு நிமிஷ நடையில ஒரு தெரு. 1986-ல கட்டின கட்டிடம். ரெண்டரை கிரவுண்டு, பத்து வீடு, லிஃப்ட் கிடையாது. அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கின 800 சதுர அடி, யு.டி.எஸ்., அதாவது மனையில எங்க பங்கு, 600. இப்ப நானும் அம்மாவும் மட்டும்.

ஒரு பில்டர் வந்திருக்கார். இடிச்சிட்டு ஸ்டில்ட் (கீழ தூண் மட்டும் நிக்கற பார்க்கிங் தளம்) வச்சு மேல அஞ்சு மாடியாம். ஆளுக்கு 880 சதுர அடி, ஒரு கார் பார்க்கிங், 24 மாசத்துக்கு வெளியில இருக்க வாடகை. ஆறு பேர் சரின்னுட்டாங்க. அதுல நாலு பேர் இங்க குடியே இல்ல, ஒருத்தர் நியூஜெர்சி. மூணு பேர் முடியாதுன்னுட்டாங்க. 2022 அடுக்குமாடிச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சாப் போதும்னு சொல்றாங்க. பத்து வீட்டுக்கு ஏழு. அந்த ஏழாவது ஆள் நான்தான். காலையில பால் எடுக்கப் போனாக்கூட யாராவது ஒருத்தர் படிக்கட்டுல நிக்கறார்.

கொடுக்கணும்னு தோண்றதுக்குக் காரணம் இருக்கு. நாங்க குடி வந்தப்ப தெருவை விட்டு ரெண்டு படி ஏறித்தான் கேட்டுக்குள்ள வரணும். பழசைச் சுரண்டாம மேல மேல தார் போட்டுப் போட்டு, இப்ப ஒரு படி இறங்கி வர்றோம். 2015 டிசம்பர்ல தரைத்தள மாமி வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்தது. தூண்ல கம்பி வெளியில தெரியுது. அம்மாவுக்கு 76, ரெண்டு முட்டியும் போச்சு. அயோத்யா மண்டபத்துல உபன்யாசம் கேக்கப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. 2023-ல ஸ்டேஷன்லேர்ந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாதை திறந்தாங்களே, அதுக்கு லிஃப்ட் இருக்கு. எங்க கட்டிடத்துக்கு இல்ல.

வேண்டாம்னு தோண்றதுக்குக் காரணம் சொன்னா சிரிப்பீங்க. கேட்டுக்கு வெளியில இஸ்திரி வண்டி வச்சிருக்கறவர் 22 வருஷமா அங்கதான். எங்க வீட்டு மாத்துச் சாவி அவர்கிட்ட. போன வருஷம் அம்மா பாத்ரூம்ல விழுந்தப்ப கதவைத் திறந்தது அவர். எங்க தெருவுல கிணறும் தென்னை மரமுமா பதினொரு தனி வீடு இருந்தது. இப்ப ரெண்டு. புதுக் கட்டிடம் எதுக்கும் வாசல்ல வண்டி நிக்க இடம் கிடையாது.

அம்மா ஒரே வரிதான் சொல்றா: "நான் இறங்கினா திரும்ப இங்க ஏறப் போறதில்ல." லிஃப்ட் வரும்மான்னேன். நான் அதைச் சொல்லலைங்கறா.

என்ன செய்யலாம்?

கான்கிரீட் தாத்தா:

நாற்பது வருடம் சிவில் வேலை பார்த்தவன். உங்கள் அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன்.

ரெண்டரை கிரவுண்டு 6000 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் 12,000 கட்டலாம். உங்கள் பத்துப் பேருக்கும் 8800 போனால் பில்டருக்கு மீதி 3200. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 3000 என்று வையுங்கள், 3 கோடியே 60 லட்சம். பத்துக் குடும்பத்துக்கு மாதம் 25,000 வீதம் இரண்டு வருட வாடகை 60 லட்சம். இந்த 4 கோடி 20 லட்சத்தை அவர் 3200 சதுர அடியில் எடுக்க வேண்டும். சதுர அடி 13,000 ரூபாய்க்கு மேல் விற்றால்தான் அசலே தேறும். வட்டி, அப்ரூவல் செலவு எதையும் நான் சேர்க்கவில்லை. ஆக, ஒன்று அவர் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யை (அரசுக்குப் பணம் கட்டி வாங்கும் கூடுதல் அளவை) நம்பி இருக்கிறார், இல்லை அந்த 880 நிஜ 880 இல்லை.

இரண்டாவதை முதலில் பாருங்கள். பழைய 800-இல் சுவருக்குள் நடமாடும் இடம் 680 இருக்கும். புது 880-இல் லிஃப்ட், லாபி, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் உங்கள் பங்கைச் சேர்த்திருப்பார்கள். கால் பங்கு அப்படிப் போனால் கையில் 660. பெரிய வீடு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பழைய கட்டிலைச் சின்ன ரூமில் வைக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவருக்குள் கிடைக்கும் இடம் எவ்வளவு என்று, அதாவது கார்ப்பெட் ஏரியாவை, எழுதி வாங்குங்கள்.

யு.டி.எஸ்.ஸும் குறையும். இன்று 600 சதுர அடி மண் உங்களுடையது. 6000-ஐ 12,000-க்குப் பிரித்தால் 880-க்கு வருவது 440. பழைய கட்டிடத்துக்கு விலையே இந்த மண்தான். உங்கள் கட்டிடம் விலை போவதே அதனால்தான்.

தெரு அகலம் என்ன? எவ்வளவு உயரம் போகலாம், பிரீமியம் கிடைக்குமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. 9 மீட்டர் முக்கியமான கோடு. பத்திரத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், டேப் வைத்து அளந்து பாருங்கள். இன்னொன்று, உங்கள் இடம் 500 சதுர மீட்டருக்கு மேல், வீடும் எட்டுக்கு மேல். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள்.

பாதியில் நின்னவ:

எங்க மாமனார் வீடு கோடம்பாக்கம் பக்கம். அதுவும் 24 மாசம்னுதான் சொன்னாங்க. அஞ்சாவது வருஷம் ஓடுது. ரெண்டு மாடி ஸ்லாப் போட்டு நிக்குது, கம்பியெல்லாம் துரு. வாடகை முதல் 18 மாசம் ஒழுங்கா வந்தது. அப்புறம் பில்டர் போனை எடுக்கறதில்ல. மாமனார் வாடகை வீட்டுலயே போயிட்டார்.

நாங்க செஞ்ச தப்பு, முதல் நாளே முழு பவரையும் (எங்க சார்பா விக்கற அதிகாரத்தை) எழுதிக் கொடுத்தது. அவர் பங்கு வீடுகளை அஸ்திவாரம் தோண்டறப்பவே வித்துக் காசாக்கிட்டார். வேலை முடிய முடியத்தான் அவர் பங்கை விக்கலாம்னு எழுதுங்க. தாமதமானா வாடகை ரெட்டிப்புன்னு எழுதுங்க. அவர் முடிக்கலைன்னா பேங்க் பணம் தர்ற மாதிரி பேங்க் கேரண்டி கேளுங்க. கொடுக்க மாட்டேன்னா அதுலயே பதில் தெரிஞ்சுடும்.

மெஸ் டோக்கன்:

நான் வாடகைக்காரன், எனக்கு ஓட்டு கிடையாது :) திருவாரூர்லேர்ந்து வந்து ஆறு வருஷம், மூணாவது வீடு. முன்னாடி இருந்த ரெண்டையும் இடிச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் ஓனருக்கு வாடகைப் பணம், எனக்கு ஒரு மாச நோட்டீஸ். புதுக் கட்டிடத்துல பேச்சிலருக்குக் கிடையாதுங்கறான். நான் சாப்பிட்ட மெஸ் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில நடந்தது, அதுவும் போச்சு. இஸ்திரிக்காரரைப் பத்தி ஒருத்தராவது யோசிக்கறீங்களே, அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

திரும்பி வந்தவன்:

பக்கத்துத் தெரு. எங்களுது 30 மாசத்துல முடிஞ்சு திரும்பி வந்துட்டோம், அதனால நல்ல கதையும் ஒண்ணு இருக்கட்டும். அம்மாவுக்கு லிஃப்ட் வரம். சாயங்காலமானா வாக்கரோட கோயிலுக்குக் கிளம்பிடறா. மழைத் தண்ணி ஸ்டில்ட்டோட நிக்குது, காருக்குத்தான் கவலை.

குறைன்னா, சமையலறை ஜன்னலைத் திறந்தா கை எட்டற தூரத்துல பக்கத்துக் கட்டிடச் சுவர். பழைய எட்டு வீட்டுல திரும்பி வந்தது மூணே பேர், மீதி எல்லாம் வித்துட்டாங்க. புதுசா வந்தவங்க நல்லவங்கதான், ஆனா பேச்செல்லாம் வாட்ஸ்அப்லதான். நாலாவது மாடிக்குக் கொசு வராதுன்னு பில்டர் சொன்னார். மாம்பலம் கொசுவும் லிஃப்ட்லதான் வருது.

ரெண்டாவது மாடி:

எல்லாருக்கும் நன்றி. தாத்தா சொன்னபடி இன்னிக்குக் காலையில தெருவை அளந்தேன். பத்திரத்துல 30 அடி. முனையில 30 இருக்கு. எங்க கேட் கிட்ட 27 அடி 4 அங்குலம், 9 மீட்டருக்கு ரெண்டடி குறையுது. பில்டர்கிட்ட போன்ல கேட்டேன், அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்னார். எப்படிப் பாத்துக்குவீங்கன்னு எழுத்துல கேட்டிருக்கேன். கூடவே கார்ப்பெட் ஏரியா, பேங்க் கேரண்டி, இஸ்திரி வண்டிக்குக் காம்பவுண்டுக்குள்ள ஆறடி இடம். கடைசியைப் படிச்சிட்டு நியூஜெர்சிக்காரர் குரூப்ல சிரிக்கற பொம்மை போட்டார். போடட்டும். இதுக்கெல்லாம் பதில் வர்ற வரைக்கும் கையெழுத்து இல்லன்னு எழுதிட்டேன்.

அளக்கறப்ப டேப்போட அந்த முனையைப் பிடிச்சது இஸ்திரிக்காரர்தான். பால்கனியிலேர்ந்து அம்மா பாத்துண்டிருந்தா. எதுக்குன்னு நான் அவர்கிட்ட சொல்லல. குனிஞ்சு நம்பரைப் பாத்துட்டு, "என்னம்மா, மறுபடியும் ரோடு போடப் போறாங்களா?"ன்னார்.