அமலி ஆச்சி குடும்பக் குழு: சகாயம் கரை சேர்ந்த காலை

ஜெசிந்தா: இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. அவர் கரைக்கு வந்துவிட்டார். குந்துகாலில் இறங்கினார்கள். நான்கு பேரும் நலம்.

ரீத்தா: மாதாவே நன்றி. இரவு முழுவதும் செபமாலை கையை விட்டு இறங்கவில்லை மதினி.

பிரிட்டோ (குவைத்): என்ன ஆனது? நான் அழைத்தபோது யாரும் எடுக்கவில்லையே.

ஜெசிந்தா: மனோலித் தீவுக்குத் தெற்கே எஞ்சின் நின்றுவிட்டது. நங்கூரம் பிடிக்கவில்லையாம். நீரோட்டம் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. கைப்பேசியில் சிக்னல் இல்லை.

அமலன்: அந்த எஞ்சினை மாற்று மாற்று என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

லூர்து: அமலா, இப்போது அந்தப் பேச்சு எதற்கு? பிள்ளை சாப்பிட்டானா, ஜெசிந்தா?

ஜெசிந்தா: கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார் அத்தை. உள்ளங்கை இரண்டையும் கயிறு அறுத்திருக்கிறது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

பிரிட்டோ: யார் இழுத்து வந்தது?

ஜெசிந்தா: அந்தோணி தம்பி.

அமலன்: எந்த அந்தோணி?

ரீத்தா: நம் அந்தோணிதான் சித்தப்பா.

சூசை: பிள்ளைகளே, காலைத் திருப்பலி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். ஆண்டவருக்கு நன்றி. நன்றித் திருப்பலி ஒன்று வைக்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் எதற்கு நன்றி என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். எஞ்சின் நின்ற இரவுக்கு மட்டும்தான் நன்றி என்றால், அது ஒழுங்காக ஓடிய நாட்களுக்கெல்லாம் யார் நன்றி சொல்வது? திருப்பாடல் 136-ஐ எடுத்துப் பாருங்கள். மொத்தம் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் அவருடைய பேரன்பு என்றும் உள்ளது என்றே முடியும். வானம், கதிரவன், நிலா, செங்கடல் பிளந்தது, பெரிய பெரிய மன்னர்கள் விழுந்தது என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் சொல்லிவிட்டு, முடிவதற்குச் சற்று முன், 25-ஆம் வசனத்தில், உயிர்கள் அனைத்துக்கும் உணவளிக்கிறவர் என்று வரும். செங்கடலுக்கும் சோற்றுப் பானைக்கும் அங்கே ஒரே பல்லவி. சோற்றைச் சின்ன விஷயம் என்று அந்தப் பாடல் ஒதுக்கவில்லை. நாம்தான் உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே அதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்கிறோம்.

ரீத்தா: உண்மை அப்பா. திருப்பலி எங்கே, எப்போது?

சூசை: அருள் ஆனந்தர் திருத்தலமான ஓரியூரில் வைக்கலாம் என்பது என் விருப்பம். நாள் பிறகு.

அமலன்: ஓரியூர் என்றால் வேன் வேண்டும். நம் கோவிலிலேயே அடுத்த ஞாயிறு வைத்து, மதியம் பிரியாணி போட்டுவிடலாம்.

ரீத்தா: தவக்காலம் சித்தப்பா!

அமலன்: அப்படியானால் மீன்.

பிரிட்டோ: மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு வங்கிப் புத்தகம் கேட்டார்களே, அம்மாவின் கணக்கை யாராவது சரிபார்த்தீர்களா?

ரீத்தா: என் கணக்கிலேயே ஆதார் இணைப்பு சரியில்லை என்கிறார்கள்.

லூர்து: சூசை அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சகாயம் திரும்பி வந்தது ஆண்டவரின் இரக்கம். பிரிட்டோவின் அப்பா திரும்பவில்லையே. அன்று இரவும் நான் இதே திருப்பாடலைத்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரீத்தா: அத்தை…

சூசை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சூசை: லூர்து, ஓரியூர் என்று நான் சொன்னதே அதனால்தான். மறைப்பணியாளர் அருள் ஆனந்தர் அங்கே தப்பிக்கவில்லை. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலையை வெட்டினார்கள். அதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், சாவை மகிழ்ச்சியோடு எதிர்நோக்குகிறேன் என்று எழுதினார். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் இரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணைத் தப்பியவர்களும் நெற்றியில் பூசுகிறார்கள், பறிகொடுத்தவர்களும் பூசுகிறார்கள்.

லூர்து: அவர் துறவி அண்ணா. நான் கைக்குழந்தையோடு நின்றவள்.

லூர்து: அவர் போன பிறகு நான் செபமாலையைத் தொடவில்லை. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு நாள் என்னைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போனார். இடிந்த கோவிலைத் தாண்டி மணலில் உட்கார்ந்து கையால் தோண்டினார். கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் ஊறியது. முதலில் ஊறிய கலங்கலை இறைத்துக் கொட்டினார். தெளியும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சிரட்டையில் மொண்டு கொடுத்தார். துளி உப்பில்லை. இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல், நடுவில் குடிதண்ணீர். 1964 டிசம்பர் புயலில் அம்மா தன் தம்பிகள் இருவரையும் பறிகொடுத்தவர். “அவர்களை ஏன் எடுத்தாய் என்று இன்றும் ஆண்டவரிடம் கேட்கிறேன், லூர்து. கேட்டுக்கொண்டேதான் இந்தத் தண்ணீரையும் வாங்கிக் குடிக்கிறேன்” என்றார். என் கோபம் அன்று தீரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன். உனக்கும் ஊட்டினேன், பிரிட்டோ.

பிரிட்டோ: அம்மா, இதை என்னிடம் சொன்னதே இல்லையே.

லூர்து: நீ கேட்டதில்லை. அங்கே இப்போது சாப்பிட்டாயா?

சூசை: அந்தப் புயலில் எனக்கு நான்கு வயது. அம்மா என்னை இடுப்பில் துண்டால் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடியதாகச் சொல்வார். பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் கொண்டுபோன இரவு அது. லூர்து, திருப்பலியில் மச்சான் பெயரையும் சொல்லச் சொல்கிறேன். பிழைத்தவனுக்கு நன்றியும் போனவருக்கு மன்றாட்டும் ஒரே பீடத்தில் இருக்கட்டும்.

லூர்து: சரி அண்ணா. மாமாக்கள் இருவர் பெயரையும் சேர்த்துக்கொள்.

ரீத்தா: பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது?

ஜெசிந்தா: அமலன் மாமா வீட்டில். கிறிஸ்துமஸுக்கு வாங்கிப் போனது.

அமலன்: அண்டா கிடக்கட்டும். அந்தோணியை அழைக்கப் போகிறீர்களா? ஆச்சி வீட்டைப் பங்கு பிரித்த அன்று குழுவை விட்டே போனவன் அவன்.

ரீத்தா: போக வைத்தது யார் என்பதையும் சொல்லுங்கள் சித்தப்பா.

அமலன்: அளந்த கல்லை நகர்த்தியது நானா?

சூசை: கல்லைப் பற்றி இங்கே வேண்டாம்.

சகாயம்: நான் சகாயம். எழுந்துவிட்டேன். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். நள்ளிரவுக்கு மேல் நாங்கள் சட்டையைக் கிழித்து டீசலில் நனைத்துக் கொளுத்திக் காட்டினோம். அந்தோணி அப்போதுதான் வலை விட்டிருந்தான். வலையை இழுத்து ஏற்றிவிட்டு வந்தால் எங்களை நீரோட்டம் எங்கேயோ கொண்டுபோயிருக்கும். அவன் வலையை அறுத்துவிட்டு வந்தான். பக்கத்தில் வந்ததும் யார் படகு என்று தெரிந்துவிட்டது. கயிற்றை எங்கள் படகின் முன்பக்கம் எறிந்து, “அணியத்தில் கட்டு” என்றான். கரை வரும் வரை வேறு பேச்சில்லை. நான் இரவெல்லாம் ஆண்டவரே அனுப்பும் ஆண்டவரே அனுப்பும் என்று கத்தினேன். அவர் அனுப்பிய ஆளை வாசலில் நிறுத்திவிட்டு எனக்கு நன்றித் திருப்பலி வேண்டாம்.

ஜெசிந்தா: எனக்கும் வேண்டாம்.

பிரிட்டோ: மச்சான் சொல்வதுதான் சரி.

அமலன்: வலை முழுவதும் போய்விட்டதா?

சகாயம்: பாதிக்கு மேல்.

*சகாயம் அந்தோணியைச் சேர்த்தார்*

ரீத்தா: அந்தோணி! வா.

சூசை: அந்தோணி, நீ நன்றாக இருக்க வேண்டும். நன்றித் திருப்பலி வைக்கிறோம். நாள் பற்றி என் யோசனை இது: தவக்காலம் முடியட்டும். உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. அடுத்த ஞாயிறு, 12-ஆம் நாள், இறை இரக்கத்தின் ஞாயிறு. 2000-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், இறை இரக்க பக்தியைப் பரப்பிய கன்னியாஸ்திரி பாஸ்டினம்மாளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது இந்த நாளை அறிவித்தார். 15-ஆம் நாள் விசைப்படகுத் தடைக்காலம் தொடங்கிவிடும், ஜூன் 14 வரை 61 நாள் மீன் விலை ஏறிவிடும். அதற்குள் வைத்துவிட்டால் சமையலுக்கும் நல்லது.

அமலன்: கடைசி வரியை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணா.

அந்தோணி: சகாயம், எஞ்சினைப் பார்த்துவிட்டேன். எஞ்சினில் பழுதில்லை. டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. டேங்கைக் கழுவி, வடிகட்டியை மாற்று. உன் கயிறு என் படகில் கிடக்கிறது.

சகாயம்: மாலையில் வருகிறேன். வலைக்கு என்ன ஆகும்?

அந்தோணி: அதை இங்கே பேச வேண்டாம்.

லூர்து: பேசித்தான் ஆக வேண்டும், அந்தோணி. காணிக்கைப் பணத்தில் பாதியை வலைக்குக் கொடுக்கலாமா அண்ணா? ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சூசை: பாதி என்ன, முழுவதும் கொடுக்கலாம். ஆனால் ஓரியூர் வேனுக்கு?

பிரிட்டோ: வேனுக்கு நான் அனுப்புகிறேன் மாமா. எத்தனை பேர்?

ரீத்தா: ஓரியூர் என்று இன்னும் முடிவாகவில்லையே.

அமலன்: நம் கோவிலே போதும். வேன் பணத்தையும் வலையில் போடுங்கள்.

ஜெசிந்தா: மாமா, இதை நீங்களா சொல்கிறீர்கள்?

அமலன்: கல் விஷயம் வேறு, வலை விஷயம் வேறு.

அந்தோணி: 12-ஆம் நாள் எனக்கு மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. காலைத் திருப்பலி என்றால் வருவேன்.

சூசை: ஓரியூர் என்றால் காலையில் முடியாது. முதலில் பங்குத்தந்தையிடம் நேரம் கேட்க வேண்டும். யார் போகிறீர்கள்?

ரீத்தா: அமலன் சித்தப்பா போகட்டும், அவர் வீடுதான் கோவிலுக்குப் பக்கம்.

அமலன்: நான் அண்டாவைப் பார்க்கிறேன். ஒரு கைப்பிடி உடைந்திருக்கிறது, பற்றவைக்க வேண்டும்.