ரைல்ஸ் கடைப் பதாகையில பெண் படம்: பிழை எங்கை எண்டு எப்பிடி விளக்கிறது?

கொக்குவில்வாசி:
நல்லூர்த் திருவிழாவுக்குப் பலாலி வீதியில ஒரு ரைல்ஸ் கடை 20க்கு 10 அடி பிளெக்ஸ் வைக்கப்போகுது. மாதிரிப் படத்தில பட்டுச்சீலை கட்டின பெண் நிலத்தில ஒருக்களிச்சுப் படுத்து, விரல் நுனியால ரைல்ஸைத் தடவுறா. மூக்குக்கு மேல முகம் வெட்டுப்பட்டிருக்கு. "தடவிப் பார்க்கத் தூண்டும் மென்மை" எண்டு வாசகம். முதலாளி, "முழுச்சீலைதானே கட்டியிருக்கு, என்ன பிழை?" எண்டு கேக்கிறார். என்ன சொல்லலாம்? அச்சுக்கு நாலு நாள்தான் கிடக்கு.

அளவுகோல்:
சீலையை வைச்சு அளக்கிறதாலதான் இந்தக் குழப்பமே. உடுப்புக் குறைஞ்ச படமெல்லாம் பெண்ணைப் பொருளாக்கிறதும் இல்லை, முழுக்க மூடின படமெல்லாம் தப்பினதும் இல்லை. நீச்சல் வீராங்கனை நீச்சலுடுப்பில நிக்கிறது அவவின்ரை தொழில். இஞ்சை சீலை கட்டினவவை ரைல்ஸோட சேர்த்து இன்னொரு வழுவழுப்பான சாமானாக்கி வைச்சிருக்கினம்.

கையைப் பாருங்கோ. விளம்பரப் படங்களை ஆராய்ஞ்ச சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1970களிலேயே இதைக் கவனிச்சவர்: பெண்ணின்ரை கை சாமானை இறுக்கிப் பிடிக்காது, வேலை செய்யாது, மெல்லத் தொடும், வருடும். படுத்த நிலை, சாய்ச்ச தலை, மடிச்ச முழங்கால் எல்லாம் அவர் குறிச்ச அடையாளங்கள்தான்.

அடுத்தது முகம். அடிமட்டத்தால அளக்கலாம். உச்சந்தலையிலயிருந்து நாடி வரை ஒரு அளவு; உச்சந்தலையிலயிருந்து படத்தில தெரியிற உடம்பின்ரை கடைசி நுனி வரை இன்னொரு அளவு. முதலாவதை இரண்டாவதால பிரியுங்கோ. 3 செ.மீ., 12 செ.மீ. எண்டால் 0.25. இலக்கம் கூடக்கூடப் படத்தில முகத்தின்ரை பங்கு கூட எண்டு அர்த்தம். 1983இல வந்த அமெரிக்க ஆய்வொண்டில, பத்திரிகைப் படங்களில ஆண்களுக்குச் சராசரி 0.65, பெண்களுக்கு 0.45. ஆணை முகமாயும் பெண்ணை உடம்பாயும் காட்டுற பழக்கம் அந்த இலக்கத்தில தெரியுது. ஆனா இதை மட்டும் வைச்சுத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. வெள்ளையாக்கிற கிரீம் விளம்பரத்தில முகம்தான் முழுக்க இருக்கும், அளவு 1ஐக் கிட்டும், அதுக்காக அது நல்ல விளம்பரம் ஆகாது. உங்கடை படத்தில கண்ணே இல்லை, அளக்கவும் தேவையில்லை.

பிளெக்ஸ்_வேலை:
முதலாளியிட்டைக் கணக்காக் கதையுங்கோ. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து எண்டது பதாகைத் தொழிலில பொதுக் கணக்கு. 120 அடியில மோட்டச்சைக்கிளில வாறவர் வாசிக்க 12 அங்குலம் வேணும். தமிழில "கீ", "ஞூ" மாதிரி மேலயும் கீழயும் நீளுற எழுத்துகள் இருக்கிறதால வரிக்கு இன்னும் இடம் போகும். படுத்த உருவம் 20 அடியில பாதியைப் பிடிச்சால் கடைப்பெயருக்கும் சதுரஅடி விலைக்கும் எங்கை இடம்? 53 ஆய்வுகளைச் சேர்த்து 2015இல வெளியான அலசலிலயும், பாலியல் கவர்ச்சி விளம்பரங்கள் ஞாபகத்தையோ வாங்கிற எண்ணத்தையோ கூட்டேல்லை. அந்தச் சாமானைப் பற்றின மதிப்புத்தான் இறங்கினது.

பெண்ணை எடுத்துவிட வேணும் எண்டில்லை. நிமிந்து நிக்கட்டும், இரண்டு கையாலயும் ரைல்ஸ் ஒண்டைப் பிடிச்சு நிறம் பாக்கட்டும், இல்லாட்டி மேசனோட நிண்டு மட்டம் பாக்கட்டும். கமெராவை அவவின்ரை கண் மட்டத்துக்கு வையுங்கோ. மேலயிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துப் போவா. தோல் நிறத்தை வெளுப்பாக்க வேண்டாம் எண்டு எழுத்திலயே குடுங்கோ, சொல்லாட்டி பழக்கத்தில செய்துபோடுவினம். வாசகத்தை "24க்கு 24 அங்குலம், ஈரத்திலும் வழுக்காது" எண்டு மாத்தலாம், ரைல்ஸ் உண்மையில அப்பிடியெண்டால் மட்டும்.

படம் எங்கயிருந்து எடுத்தது எண்டும் கேளுங்கோ. இணையத்தில கேளாமல் எடுத்த படம் எண்டு தெரியாமலிருக்கவும் முகத்தை வெட்டுறவை உண்டு. அந்தப் பெண் இதுக்குச் சம்மதிச்சவவோ எண்டதுதான் எல்லாத்துக்கும் முதல் கேள்வி.

திருநெல்வேலிச்_சந்தி:
மாத்தாமல் வைச்சால் முறைப்பாட்டுக் கடிதம் குடுக்கலாம். முதலில அந்த இடம் எந்தச் சபையின்ரை எல்லை எண்டு பாருங்கோ. பலாலி வீதியில நகரப் பக்கம் யாழ் மாநகரசபை, திருநெல்வேலிப் பக்கம் நல்லூர் பிரதேச சபை. பிழையான கந்தோருக்குப் போட்ட கடிதம் கிடந்து உறங்கும். கடிதத்தில இடம், திகதி, முழுப் பதாகையும் தெரியிற படம், வாசகம் சொல்லுக்குச் சொல் எல்லாம் வேணும். பதாகைக்கான அனுமதிப் பத்திரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) கேக்கலாம், ஆனா முடிவு சொல்லவே 14 வேலை நாள் அவகாசம் இருக்கு. திருவிழா 25 நாள். அதால அதுக்குக் காத்திராமல் முறைப்பாட்டுக் கடிதத்தை முதல் நாளே குடுங்கோ.

கடிதத்தில "பண்பாட்டுச் சீரழிவு" எண்டு மட்டும் எழுதாதேங்கோ. அப்பிடி எழுதினால் பேச்சு உடனே பெண்ணின்ரை உடுப்புக்குப் போயிடும்; அடுத்த முறை ஓட்டப்போட்டிக்காரப் பிள்ளையின்ரை படத்தையும் அதே காரணம் சொல்லி இறக்குவினம். "முகத்தை வெட்டி, உடலை விற்பனைச் சாமானோடு ஒப்பிட்டு வாசகம் எழுதப்பட்டுள்ளது" எண்டு காட்சியையே எழுதுங்கோ.

கொக்குவில்வாசி:
அந்த இடத்தில ஆணைப் படுக்க வைச்சுப் பாக்கச் சொன்னால் முதலாளிக்கு விளங்காதோ?

அளவுகோல்:
சிரிப்பார், அவ்வளவுதான். பழக்கமில்லாததுக்கு வாற சிரிப்பு அது. அதைவிடப் பெண்ணை முழுக்க அழிச்ச ஒரு பிரதி எடுத்துக் காட்டுங்கோ. ரைல்ஸ் பற்றி ஒரு விபரமாவது குறைஞ்சுதோ எண்டு அவரே பாக்கட்டும்.