'பொட்டில் எப்பிசோட்' என்பதற்கு 'உள்ளிருப்பு அங்கம்'

குழும அன்பர்களுக்கு மட்டக்களப்பிலிருந்து வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், புதிய அரங்கு கட்டாமல், வெளி நடிகர்களை அழைக்காமல், ஏற்கெனவே நிற்கும் அரங்கையும் வழமையான நடிகர்களையும் மட்டும் கொண்டு குறைந்த செலவில் எடுத்து முடிக்கும், ஆங்கிலத்தில் 'பொட்டில் எப்பிசோட்' (bottle episode) எனப்படும் அங்கத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே இப்போதைய கேள்வி. இதுவரை 'குப்பி அத்தியாயம்', 'போத்தல் அங்கம்', 'ஒருகளரி அங்கம்' ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் பழைய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம்.

பி.பி.சி.யின் 'டொக்டர் ஹூ' அறிவியல் புனைவுத் தொடர் 1963 நவம்பர் 23இல் தொடங்கியபோது, முதலில் 13 அங்கங்களுக்கே இடம் உறுதியாகியிருந்தது. முதற்கதை 4 அங்கங்களையும், இயந்திரக் கூட்டுக்குள் வாழும் பகை உயிர்களான டாலெக்குகள் அறிமுகமான அடுத்த கதை 7 அங்கங்களையும் எடுத்துக்கொண்டன. எஞ்சிய இரண்டுக்கும் அரங்கு கட்டப் பணம் இருக்கவில்லை. ஆகவே தொடரின் கதைப்பொறுப்பாசிரியர் டேவிட் விற்றேக்கர், விண்கலத்தின் உட்புறத்தையும் நிரந்தர நடிகர்கள் நால்வரையும் தவிர வேறெதையும் கேட்காத கதையொன்றைத் தாமே எழுதினார். அது 1964 பெப்ரவரி 8ஆம், 15ஆம் திகதிகளில் ஒளிபரப்பாயிற்று.

வெளியிலிருந்து பகைவன் வர வழியில்லாதபோது பகை உள்ளே இருப்பவர்களுக்கிடையில்தான் முளைக்க வேண்டும். கலம் நின்றுவிடுகிறது, கடிகாரத்தின் முகம் உருகுகிறது, ஏதோ ஒன்று உள்ளே புகுந்துவிட்டது என்று நால்வரும் அஞ்சி, பின்னர் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். இறுதியில் புகுந்தது எதுவுமில்லை என்பது தெரியவருகிறது. கட்டுப்பாட்டு மேசையிலுள்ள விசை ஒன்றினுள் சிறிய சுருள்வில் சிக்கிக்கொண்டதே அத்தனைக்கும் காரணம். வறுமையே கதையின் விடையையும் தந்துவிட்டது என்று நான் இதை வாசிக்கிறேன்: உள்ளே ஏற்கெனவே இருந்த பொருளைத் தவிர வேறெதுவும் அங்கே குற்றவாளியாக இருக்க முடியாது.

வரவேற்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்த அந்தக் கதையில், நால்வருள் ஒருத்தியான, நாயகன் டொக்டரின் பேத்தி சூசன் கத்தரிக்கோலை ஓங்கிப் படுக்கையை மீண்டும் மீண்டும் குத்தும் காட்சி பி.பி.சி.க்குள்ளேயே கண்டனத்துக்கு உள்ளானது. தயாரிப்பாளர் வெரிற்றி லாம்பேட் அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டார். கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். டாலெக்கின் ஆயுதம் எந்தக் குழந்தையின் கைக்கும் எட்டாது. கத்தரிக்கோலோ எல்லார் வீட்டு லாச்சியிலும் கிடக்கிறது.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'பொட்டில்' என்ற பெயர் வந்ததற்கு இரு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன: சீசாவிலிருந்து பூதம் கிளம்புவதுபோல் திடீரென ஓர் அங்கத்தைக் கிளப்பித் தருவது என்பது ஒன்று; கண்ணாடிச் சீசாவுக்குள் அடைத்த பொம்மைக் கப்பல் என்பது மற்றையது. மூலமொழியிலேயே உவமை எதுவென்று இரு வழிப்படும்போது, அந்தச் சீசாவை நாம் ஏன் சுமக்க வேண்டும்? தவிர, எங்கள் பக்கத்தில் 'போத்தல்' என்றவுடன் மனத்தில் வருவது வேறு. 'குப்பி' என்றால் மண்ணெண்ணெய் விளக்கு. படிப்பவர் முதலில் இவற்றை மறந்த பின்னர்தான் கலைச்சொல்லை விளங்கிக்கொள்ள முடியும்.

'ஒருகளரி' என்பதை மறுப்பது எனக்கு எளிதாக இல்லை. வட்டக்களரியைச் சுற்றி அமர்ந்து விடியவிடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆயினும் களரியின் இயல்பு இதற்கு நேரெதிரானது. நான்கு பக்கமும் சபையோர் சூழ்ந்த அந்த வெறும் வட்டத்தில், அரசன் வரவுப் பாட்டுப் பாடினால் அது கொலுமண்டபம். அடுத்த தருவில், அதாவது அடுத்த கூத்துப் பாட்டில், அதுவே காடு. அதற்கடுத்து அதுவே போர்க்களம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளமும் ஆட்டமும் இடத்தை மாற்றிக்கொண்டே போகும். நாம் பெயர் தேடும் அங்கத்திலோ இடம் மாறவே முடியாது. கதவு பூட்டியபடியே இருக்கும். களரி என்ற செழுமையான சொல்லை அதன் பொருளுக்கு மாறாகச் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாரி காலத்தில் மழை விடாமல் கொட்டி, தெருவில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும் நாளில், எங்கள் அம்மா கடைக்கு ஆள் அனுப்பமாட்டார். "உள்ளதை வைச்சுச் சமாளிப்பம்" என்று பானையடியில் கிடக்கும் கருவாட்டையும் வளவு முருங்கையிலையையும் எடுப்பார். இரண்டு செய்திகள் அங்கே சேர்கின்றன: வெளியே போகாமல் உள்ளே இருப்பது ஒன்று, உள்ளே என்ன இருப்பு உண்டோ அதைக் கொண்டு ஆக்குவது மற்றொன்று. 'இருப்பு' என்ற தமிழ்ச் சொல் இவ்விரண்டையும், தங்கியிருத்தலையும் கைவசமுள்ள சரக்கையும், ஒருசேரத் தாங்குகிறது. 'உள்ளிருப்பு அங்கம்' என்பது இப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

இரண்டும் கூடினால்தான் உள்ளிருப்பு. 2008 யூன் 14இல் ஒளிபரப்பான அதே தொடரின் 'மிட்நைட்' அங்கத்தைச் சிலர் இவ்வகையில் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் ஒரு வாகனத்தின் உள்ளேயே நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வாகனம் அக்கதைக்கே உரியது, பயணிகளாக வருபவர்கள் வெளி நடிகர்கள். அடைப்பு உண்டு, இருப்பு இல்லை. அத்தகையவற்றை 'அடைகள அங்கம்' என்று பிரித்து வழங்கலாம்.

'உள்ளிருப்புப் போராட்டம்' என்ற வழக்கு குழப்பும் என்பது எதிர்பார்க்கக்கூடிய மறுப்பு. 'அங்கம்' என்ற சொல் ஒட்டி வருவதால் மயக்கம் நேராது என்பது என் எண்ணம். வினையோடும் இச்சொல் இயல்பாகச் சேர்கிறது: "பணம் முடிந்துவிட்டது, கடைசி அங்கத்தை உள்ளிருப்பாக எடுத்துவிடுவோம்" என்று ஓர் இயக்குநர் தம் குழுவிடம் சொன்னால் எவருக்கும் விளங்கும். 'குப்பியாக எடுத்துவிடுவோம்' என்று சொல்ல வராது.

'அங்கம்' என்பதற்குப் பதிலாகப் 'பகுதி' எனத் தமிழகத்து அன்பர்கள் விரும்பினால் எனக்குத் தடையில்லை. முன்னொட்டைப் பற்றிய உங்கள் கருத்தையே எதிர்பார்க்கிறேன்.