ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணுக்கு ஒரு வழி சொல்லுங்க

வணக்கம். பாம்பன் பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். என்கிட்ட படிக்கிற பொண்ணுக்கு 17 வயசு, அரசுப் பள்ளி. வீட்ல அப்பா குடி, அடி. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அவர் கரையிலதான், அப்போ இன்னும் மோசம். இப்ப கல்யாணப் பேச்சு வேற. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நான் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.

"அக்கா, ஹாஸ்டல்ல இருந்து படிச்சாப் போதும்"ங்குது. அம்மாகூட கடல்பாசி எடுக்கப் போய்ச் சேர்த்த 2,300 ரூபாயைப் பாலிதீன் கவர்ல சுத்திக் கொண்டுவந்துச்சு. பாறை கிழிச்ச விரல்ல துணியோட, பத்து பத்தா எண்ணிக் கொடுத்துச்சு. எனக்குப் பேச்சே வரல.

புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும், ஆனா காலேஜ் சேர்ந்த பிறகுதான். அதுவரைக்கும்தான் சிக்கல். அப்பா எதுலயும் கையெழுத்துப் போடமாட்டார், அம்மா போடுவாங்க. அம்மா கையெழுத்தை மட்டும் வச்சு அரசு மாணவியர் விடுதியில யாராவது சேர்த்திருக்கீங்களா? வருமானச் சான்று எப்படி வாங்கினீங்க?

சேர்க்கைக் கட்டணம், பெட்டி, நாலு உடுப்புக்கு உதவ முடிஞ்சவங்களும் சொல்லுங்க. கட்டணத்தை நேரா காலேஜ்லயே கட்டிடலாம், என் கைக்கு வேண்டாம். பொண்ணு பேரு மட்டும் கேட்காதீங்க.