ஸ்கேன் நார்மல், ஆனால் பையன் பழையபடி இல்லை

போன ஜூலையில் கிரிக்கெட் நெட் பிராக்டிஸின்போது என் மகனின் ஹெல்மெட்டில், காதுக்கு மேலே, பந்து பட்டது. 13 வயது. விழவில்லை, மயங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத்தான் வந்தான்.

மாலையில், "அம்மா, நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட் இருக்கா?" என்றான். இல்லை என்றேன். ஐந்து நிமிடத்தில் அதையே கேட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்ததும் ஓடினோம். சிடி ஸ்கேன் நார்மல். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

நம்பி, மூன்றாம் நாளே பள்ளிக்கு அனுப்பினேன். எழுத்தெல்லாம் நகர்கிறது, டியூப் லைட் கண்ணைக் குத்துகிறது என்று அழுதான். படிக்காமல் இருக்கச் சாக்கு என்று திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் புரியவைத்தார். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இவற்றை ஸ்கேன் காட்டும்; மூளை குலுங்கியதைக் காட்டாது. "சட்டி விரியலை, உள்ளே இருக்கிற தயிர் கலங்கிடுச்சு. ஆனா மூளை தேறிடும், அவகாசம் கொடுங்க" என்றார். இதுதான் கன்கஷன். முதல் 48 மணி நேரம் போன், டிவியைக் குறைத்து ஓய்வு தந்திருக்க வேண்டும். அதற்காக நாள்கணக்கில் இருட்டறையில் படுக்கவைக்கவும் கூடாதாம். அப்புறம் மெல்ல நடை, அரை நாள் பள்ளி, முழு நாள். ஆட்டம் கடைசியில்தான், ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து.

இவன் கேட்கவில்லை. 2019இல் லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் பந்தில் அடிபட்ட ஆஸ்திரேலியாவின் ஸ்மித் மறுபடி வந்து ஆடினார், மறுநாள்தான் அறிகுறி தெரிந்து அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார் என்று அவன் அப்பா சொன்ன பிறகே பேட்டைக் கீழே வைத்தான்.

பதில்:
எங்கள் குட்டிக்கு இரண்டு வயது, கட்டிலிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயது. சோற்றைத் தட்டிவிட்டாள், பொம்மையைத் தொடவில்லை, இடுப்பிலிருந்து இறக்கினாலே அழுகை. தூங்கவிடாதே என்று மாமியார் தட்டிக்கொண்டே இருந்தார். பரிசோதித்த டாக்டர், தூங்கலாம், எழுப்பினால் எழுகிறாளா என்று மட்டும் பாருங்கள் என்றார். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, எழுப்பமுடியாத தூக்கம், இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே கிளம்பச் சொன்னார். உங்கள் பையனுக்கு எத்தனை நாளில் சரியானது?

பதில்:
26ஆம் நாள்தான் தலைவலி இல்லாமல் முழு நாளும் பள்ளியில் இருந்தான். வந்து பையை வைத்துவிட்டு, "அம்மா, நாளைக்கு டெஸ்ட் இருக்கா?" என்றான். இருக்கிறது என்றேன். அப்புறம் கேட்கவில்லை.