கரையோர உலாவா, துறையோட்டமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கட்டியிருக்கும் ஒரு பாய்மரப் படகின் உள்ளறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே தென்மேற்குக் காற்று மூன்றாவது நாளாக வீசுகிறது. பக்கத்துப் படகுகளின் பாய்க்கயிறுகள் அலுமினியப் பாய்மரங்களில் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன. எதிரே பயணப் பதிவேடு. இந்த முறை அதைத் தமிழில்தான் எழுதுவது என்று உறுதி செய்திருந்தேன். புறப்படும் இடம், சேரும் இடம், ஆட்கள், குடிநீர் எல்லாம் எழுதியாயிற்று. பயண வகை என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

பாய்விரித்து ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்ததற்குப் போய், தங்கி, காற்றுப் பார்த்து, மறுபடியும் புறப்படுகிற பயணத்துக்கு நம்மிடம் ஒரே சொல் இல்லை. இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேச்சு வந்தபோது, மூத்தவர் ஐயா 'கரையோர உலா' என்றார்கள். கேப் டவுனில் இருக்கும் அக்கா 'கடலோர உல்லாசப் பயணம்' என்று எழுதியிருந்தார்கள். இருவர் மேலும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் உலா. சுவாமி உலா வருகிறார் என்றால் கோயிலிலிருந்து புறப்பட்டு வீதி சுற்றிக் கோயிலுக்கே திரும்புகிறார் என்று பொருள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது உலாவின் உயிர். ஞாயிற்றுக்கிழமை மதியம் டர்பன் குடாவுக்குள் இரண்டு மணி நேரம் பாய்விரித்துவிட்டு வருகிறோமே, அதற்கு அது மிக அழகான சொல். அதை அங்கே வைத்துக்கொள்வோம். நான் எழுதவேண்டிய பயணம் ஈஸ்ட் லண்டன், போர்ட் எலிசபெத், மோசல் பே என்று துறைமுகம் துறைமுகமாக முன்னே முன்னே போவது. திரும்பி வரவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

உல்லாசம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரவு இரண்டு மணிக்குச் சுக்கான் பிடித்து நின்றவர்களுக்குத் தெரியும்.

கரையோரம் என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. ஏன் என்று விளக்குகிறேன். டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் சுமார் 250 கடல்மைல். ஆறு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஆறு கடல்மைல் போனால் ஏறக்குறைய 42 மணி நேரம். இடையில் வைல்ட் கோஸ்ட் என்ற கடற்கரை முழுவதிலும் படகு ஒதுங்க நம்பகமான துறை ஒன்றுகூட இல்லை. இங்கே அகுலாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி நான்கைந்து நாட் வேகத்தில்கூட ஓடும். அது நம்மையும் சுமந்து செல்லும் என்பதால், கடல் 200 மீட்டர் ஆழமாகும் கோட்டை ஒட்டி வெளியே போய் அதில் ஏறிக்கொள்கிறோம். அந்த நீரோட்டத்துக்கு எதிராகத் தென்மேற்குக் காற்று எழுந்தால் அலைகள் சுவர்போலச் செங்குத்தாகிவிடும். அப்போது நீரோட்டத்தை விட்டு, ஆழம் குறைந்த பக்கமாகக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் புறப்பட்ட வாராட்டா என்ற நீராவிக் கப்பல் 211 பேருடன் இந்தப் பக்கத்தில்தான் காணாமல் போனது. ஆகவே ஒரே பயணத்தில் கரை சில நேரம் அருகில் இருக்கிறது, சில நேரம் கண்ணுக்கே தெரிவதில்லை. மாறாமல் இருப்பவை புறப்படும் துறையும் சேரும் துறையும்தான்.

அரசும் இதை அப்படித்தான் பார்க்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்தை விட்டு அடுத்ததற்குப் போகும் பாய்மரப் படகு, விமானம்போல ஒரு பயணத் திட்டப் படிவத்தைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். என் படிவம் இதோ மடித்து வைத்திருக்கிறேன். எங்கிருந்து, எங்கே என்பதே அதன் சாரம்.

எனவே என் முன்மொழிவு: துறையோட்டம். செய்பவர் துறையோடி. கடலோடி என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் இது அந்நியமாக நிற்காது. 'ஈஸ்ட் லண்டன் வரை துறையோடினோம்' என்று வினையாகவும் எழுதலாம்.

துறை என்றால் இன்று கல்வித்துறை, காவல்துறை என்றுதானே தோன்றும் என்று ஐயா கேட்பார்கள். பருத்தித்துறை, காங்கேசன்துறை என்னும்போது யாருக்கும் அலுவலகம் நினைவுக்கு வருவதில்லை. ஓட்டம் என்ற சொல் பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பொருள் கொள்கிற சொல். துறையுடன் சேரும்போது கலத்தின் ஓட்டமாகவே ஒலிக்கிறது. பழைய தமிழில் பயணத்துக்குச் செலவு என்றே பெயர். துறைச்செலவு என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். இன்று படிப்பவருக்குப் பணம்தான் நினைவுக்கு வரும், விட்டுவிட்டேன்.

எனக்கு இந்தத் துறை என்ற சொல் மேல் தனிப்பற்று உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் நம் மக்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக முதன்முதலாக வந்து சேர்ந்த துறை இந்த டர்பன்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதியில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ் கிடையாது. ஆனால் துறை என்றதும் இந்தத் துறைமுகத்தைக் கைகாட்டுகிறார்கள்.

இன்னொரு சொல்லுக்கும் உங்கள் கருத்து வேண்டும். காற்றுக்காகத் துறையில் காத்துக் கிடக்கும் நாட்களுக்கு 'துறைக்கிடை' என்று வைக்கலாமா? வயலில் ஆட்டுக்கிடை போடுவதுபோல, இங்கே முப்பது படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. துறையோட்டத்தில் பாதி நாள் இப்படித்தான் போகிறது. அதற்குப் பெயரில்லாமல் பதிவேடு நிறையாது.

காற்றழுத்தம் காட்டும் பாரமானியை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தேன். காலையிலிருந்து முள் சிறிது ஏறியிருக்கிறது. தென்மேற்குக் காற்று ஓய்ந்து முள் மேலும் ஏறினால், வடகிழக்குக் காற்று எழுவதற்கு முன்பே கட்டை அவிழ்த்துப் புறப்பட்டுவிடுவோம். பதிவேட்டின் பயண வகைக் கட்டத்தில் 'துறையோட்டம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். ஐயாவும் அக்காவும் அதற்குள் பதில் எழுதினால் மையால் எழுதிவிடுவேன்.