தமிழ் வழியில் படித்துவிட்டுச் செவிலியர் படிப்பில் சேர்கிறேன்: மருத்துவச் சொற்களை எப்படிக் கற்பது?

கேள்வி: மன்னார்குடி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலேயே படித்தேன். தஞ்சாவூரில் பி.எஸ்சி. நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வகுப்புகள் தொடங்க இன்னும் ஏழு வாரங்கள் உள்ளன.

எங்கள் தெருவிலிருந்து சென்று இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா ஒருவர் தம்முடைய உடற்கூறியல் புத்தகத்தைக் கொடுத்தார். விலங்கியலில் நான் நல்ல மதிப்பெண் பெற்றவள்தான். ஆனால் கல்லீரல், கணையம், பித்தப்பை என்று எனக்கு நன்றாகத் தெரிந்த உறுப்புகளெல்லாம், தெரிந்தவர்களே வேடம் கட்டிக்கொண்டு வந்து நிற்பதைப் போல, அந்தப் புத்தகத்தில் அடையாளம் தெரியாமல் நிற்கின்றன. நாளொன்றுக்கு முப்பது சொற்கள் வீதம், ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். பத்தாம் நாள் திரும்பிப் பார்த்தபோது முதல் நாள் எழுதியவற்றில் பாதிக்கு மேல் மறந்துவிட்டிருந்தது.

இணையவழியில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம் மருத்துவச் சொற்களுக்கென்றே தனி வகுப்பு நடத்துவதாகச் சொல்லி 6,000 ரூபாய் கேட்கிறது. குறுவை நெல்லுக்குப் பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. அந்தச் செலவு தேவைதானா? இந்த ஏழு வாரங்களில் நானாகவே படிப்பதற்கு வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள மாணவிக்கு, நான் மருத்துவம் படித்தவன் அல்லன். என் மகள் செவிலியர் படிப்புப் படித்த நான்கு ஆண்டுகளும் இரவு நேரத்தில் அவளிடம் சொல் கேட்டு ஒப்புவிக்கச் செய்தவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

நீ செய்த பிழை, சொற்களை முழுதாக விழுங்கப் பார்த்ததுதான். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பாய். ‘நடந்தனன்’ என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்து எழுதிய அதே கையால் இந்தச் சொற்களையும் பிரிக்கலாம். ‘கேஸ்ட்ரோஎன்டரைடிஸ்’ என்பதை எடுத்துக்கொள். ‘கேஸ்ட்ர்’ என்பது இரைப்பை, ‘என்டர்’ என்பது குடல், ‘ஐடிஸ்’ என்பது அழற்சி. இடையில் நிற்கும் ‘ஓ’வுக்குப் பொருள் கிடையாது. அது வெறும் சாரியை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. உயிர் வந்தால் குற்றியலுகரம் தான் ஏறிய மெய்யை விட்டு ஓடும் என்பது நன்னூல் விதி; ‘நாடு’ என்பதும் ‘இல்லை’ என்பதும் சேர்ந்தால் ‘நாடில்லை’ ஆகும். அதைப்போலவே, விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் இந்த ‘ஓ’வும் ஓடிவிடும். ஆகையால்தான் ‘கேஸ்ட்ரோஸ்கோபி’யில் இருக்கும் ‘ஓ’ ‘கேஸ்ட்ரைடிஸ்’ என்னும் சொல்லில் இல்லை. ஆனால் இரண்டு பகுதிகள் தம்முள் சேருமிடத்தில், அடுத்தது உயிரில் தொடங்கினாலும், அது பெரும்பாலும் நின்றுவிடும். மேலே ‘கேஸ்ட்ரோஎன்டர்’ என்று நின்றதைப் பார்.

பித்தப்பையை அகற்றும் அறுவைக்குக் ‘கோலிசிஸ்டெக்டமி’ என்று பெயர். கேட்டால் மிரட்டும். ‘கோலி’ என்றால் பித்தம், ‘சிஸ்ட்’ என்றால் பை, ‘எக்டமி’ என்றால் நீக்கம். பித்தப்பை நீக்கம்! கிரேக்க வேர்களைக் கொண்டு கட்டிய சொல்லும் நம் சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை. இதைக் கண்டுகொண்ட அன்று என் மகள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஓர் உறுப்புக்கு இரண்டு பகுதிகள் வரும்போது குழம்பாதே. சிறுநீரகத்துக்கு ‘நெஃப்ர்’ என்பது கிரேக்கம், ‘ரீன்’ என்பது இலத்தீன். நோய்க்கும் அறுவைக்கும் பெரும்பாலும் கிரேக்கம் வரும். உறுப்புகள், குழாய்களின் பெயர்களில் இலத்தீன் மிகுதி. எனவே அழற்சி வந்தால் ‘நெஃப்ரைடிஸ்’, அங்கே செல்லும் தமனி ‘ரீனல் ஆர்ட்டரி’. நாமும் நீர்க்கோவை என்கிறோம், ஜலதோஷம் என்றும் சொல்கிறோம் அல்லவா?

தமிழ் வழியில் படித்தது குறை என்று எண்ண வேண்டாம். 1847-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காகப் பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அழற்சி, நீக்கம் போன்ற சொற்களை நீ அறிந்திருப்பதால் உன் வேலை பாதி முடிந்தது என்றே சொல்வேன்.

பதில் 2: திருவாரூர் மாவட்டம், அரசு மருத்துவமனைச் செவிலியர்

தங்கைக்கு வாழ்த்துகள். ஐயா சொன்ன பிரித்துப் படிக்கும் முறையை நானும் ஏற்கிறேன். பணம் கட்ட வேண்டாம். ஆனால் வேலை பாதி முடிந்தது என்று ஐயா சொல்வதை மட்டும் அப்படியே ஏற்க முடியவில்லை. பதினாறு ஆண்டுகள் வார்டில் நின்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவது, ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதை இன்றே நிறுத்துங்கள். பொருளைத் தமிழில் எழுதுங்கள், சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். ‘இலியம்’ என்று தமிழில் எழுதினால் அது சிறுகுடலின் கடைப்பகுதியா, இடுப்பெலும்பின் மேற்பகுதியா என்று தெரியாது. ஆங்கிலத்தில் நடுவில் ‘ஈ’ என்னும் எழுத்து வந்தால் குடல், ‘ஐ’ என்னும் எழுத்து வந்தால் எலும்பு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் ‘யூரேட்டர்’, பையிலிருந்து வெளியே செல்லும் குழாய் ‘யூரெத்ரா’. கதீட்டர் போடப் போகும் பெண்ணுக்கு இந்த இரண்டும் ஒருநாளும் மாறக் கூடாது.

எல்லாவற்றையும்விட, குறைவைக் குறிக்கும் ‘ஹைப்போ’, மிகுதியைக் குறிக்கும் ‘ஹைப்பர்’ என்னும் இரண்டையும் காதால் பிரித்தறியப் பழகுங்கள். நான் பணிக்குச் சேர்ந்த புதிதில், இரவுப் பணியின்போது தொலைபேசியில் ‘ஹைப்போ’ என்று சொன்னதை ‘ஹைப்பர்’ என்று எழுதிவிட்டேன். மூத்த செவிலியர் ஒருவர் குறிப்பேட்டைப் பார்த்ததும் நோயாளியின் வியர்வையையும் நடுக்கத்தையும் கண்டு சந்தேகப்பட்டு, உடனே மறுபடி சர்க்கரை அளவைப் பார்த்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து தொலைபேசியில் எதைக் கேட்டாலும், “சர்க்கரை குறைந்திருக்கிறது என்றுதானே சொல்கிறீர்கள், எண்ணைச் சொல்லுங்கள்” என்று திருப்பிக் கேட்காமல் நான் எழுதுவதில்லை.

இரண்டாவது, பாடப்புத்தகம். பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் நூல் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் தனித்தனியாக வெளிவருகிறது; இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாடமும் படமும் ஒன்றுதான். செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம் ஆகிய பாடங்களை இரண்டு புத்தகங்களையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். நீங்கள் சொன்ன வேடம் தானாகக் கலைந்துவிடும். பிறகு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் தளத்தில், மருத்துவச் சொற்களைப் பிரித்துக் காட்டும் இலவசப் பாடம் ஒன்று இருக்கிறது. அதையும் பாருங்கள்.

மூன்றாவதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். நோயாளி கிரேக்கம் பேசமாட்டார். “மேல்மூச்சு வாங்குது” என்பார். நீங்கள் ‘டிஸ்னியா’ என்று எழுத வேண்டும். “ஒன்னுக்குப் போனா கடுக்குது” என்றால் ‘டிஸ்யூரியா’. நெஞ்சு படபடக்கிறது என்பதும் நெஞ்சு கரிக்கிறது என்பதும் ஒன்றல்ல. முன்னதை ‘பால்பிட்டேஷன்’ என்பார்கள், பின்னது பெரும்பாலும் இரைப்பை அமிலத்தால் வருவது. நடவுக் காலத்தில் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்ணோடு வருபவர்களை நம் பகுதியில் எத்தனையோ பேர் பார்க்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் விரலைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வருபவருக்குத் தெரியாது.

ஒரு நாள் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “வயலுக்கு மருந்து அடிச்சுட்டு வந்தாரு, மயங்கிட்டாரு” என்றார் மனைவி. வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த பயிற்சி மாணவி, ‘மருந்து’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, எந்த மாத்திரை என்று கேட்டாள். டெல்டாவில் மருந்து என்றால் பூச்சிக்கொல்லியும்தான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லியின் நஞ்சு ஏறியவருக்குக் கண்ணின் பாவை ஊசிமுனையளவு சுருங்கும், அது ‘மயோசிஸ்’, பல சமயம் இதயத்துடிப்பு குறையும், அது ‘பிராடிகார்டியா’, எச்சில் ஒழுகும். அதற்கு மாற்றுமருந்தான அட்ரோபினை ஏற்ற ஏற்றப் பாவை விரியும், அது ‘மிட்ரியாசிஸ்’. துடிப்பு மிகும், அது ‘டேக்கிகார்டியா’. இந்த நான்கு சொற்களையும் நான் எந்தப் பட்டியலிலிருந்தும் கற்கவில்லை. அந்த ஒரு கட்டிலின் அருகே நின்று கற்றேன், இன்றுவரை மறக்கவில்லை.

பதில் 3: நாகப்பட்டினம், மருந்தாளுநர்

மருந்துச்சீட்டைப் பற்றி யாரும் சொல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிலுள்ள சுருக்கங்களில் பெரும்பாலானவை இலத்தீன். பி.டி. என்றால் நாளுக்கு இரு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கும் நேரம், எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். நம் ஊர் மருத்துவர்கள் 1-0-1 என்று எழுதுவது இவற்றைவிடத் தெளிவு என்பேன். ஓ.டி. என்னும் எழுத்துகளை மட்டும் எச்சரிக்கையாகப் படியுங்கள். பொது மருத்துவர் எழுதினால் நாளுக்கு ஒரு முறை, கண் மருத்துவர் எழுதினால் வலது கண். இன்சுலின் அளவை எழுதும்போது ‘யூனிட்’ என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். ஆங்கில ‘யு’ எழுத்தை மட்டும் ஒட்டி எழுதினால் அது சுழியம் போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இதுவும் உண்டு.

பதில் 4: மயிலாடுதுறை, ஆய்வக நுட்பநர்

பிரித்துப் பொருள் கொள்வது நல்ல வழிதான். ஆனால் அது ஊருக்கு வழி காட்டுமே தவிர வீட்டு வாசலில் கொண்டுபோய் விடாது. ‘அனீமியா’வைப் பிரித்தால் ‘இரத்தம் இல்லாமை’ என்று வரும். உண்மையில் குறைவது ஹீமோகுளோபின். ‘ஆர்ட்டரி’ என்னும் சொல்லிலோ பழைய தவறான கருத்தே தங்கியிருக்கிறது. இறந்த உடலில் தமனிகள் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்த பண்டைக் கிரேக்கர்கள் அவற்றில் காற்று ஓடுவதாக நினைத்தார்கள். ‘ஹான்சன் நோய்’ என்பதை எப்படிப் பிரித்தாலும் தொழுநோய் என்று வராது, அது 1873-இல் அதன் கிருமியைக் கண்டறிந்த நார்வே மருத்துவரின் பெயர். ஆகவே பிரித்து ஊகித்தபின் அகராதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதில் 5: கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நுட்பநர் சொன்னது சரி, ஏற்கிறேன். செவிலியர் அம்மா ‘கண்ணின் பாவை’ என்று எழுதியதைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. ‘பியூப்பில்’ என்பதற்கு மூலமான இலத்தீன் சொல்லுக்கும் சிறு பொம்மை என்றே பொருள். எதிரே நிற்பவரின் உருவம் கண்மணியில் சின்னஞ்சிறு பொம்மையாகத் தெரிவதை அவர்களும் பார்த்திருக்கிறார்கள், நாமும் பார்த்திருக்கிறோம். யானைக்காலும் அப்படித்தான். கும்பகோணத்துக்காரனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ‘எலிஃபன்டியாசிஸ்’ என்ற சொல்லிலும் யானைதான் நிற்கிறது.

மன்னார்குடி மாணவி

அனைவருக்கும் நன்றி. பணம் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு விலங்கியல் புத்தகங்களையும் அருகருகே வைத்து மூன்று நாட்களாகப் படிக்கிறேன். நானாகப் பிரித்த சொற்களை எழுதுகிறேன், திருத்துங்கள்.

‘ஹெபடோமெகலி’: கல்லீரல், பெருத்தல், கல்லீரல் வீக்கம்.
‘பெரிகார்டைடிஸ்’: சுற்றி, இதயம், அழற்சி, இதயத்தைச் சுற்றி ஏற்படும் அழற்சி.
‘ஹைப்போநேட்ரீமியா’: குறைவு, சோடியம், இரத்தம். வேதியியலில் சோடியத்தின் குறியீடு ஏன் ‘என்.ஏ.’ என்று இருக்கிறது என்பது இதைப் பிரித்தபோதுதான் புரிந்தது.

திருவாரூர் மாவட்டம், அரசு மருத்துவமனைச் செவிலியர்

மூன்றாவது முழுவதும் சரி, தங்கை. இரண்டாவதில் சிறு திருத்தம்: அழற்சி இதயத்தைச் சுற்றி எங்கோ ஏற்படுவதில்லை, இதயத்தைச் சுற்றியுள்ள ‘பெரிகார்டியம்’ என்னும் உறையில் ஏற்படுகிறது, எனவே இதய உறை அழற்சி என்று எழுதுங்கள். முதலாவதில் ‘வீக்கம்’ வேண்டாம், ‘கல்லீரல் பெருக்கம்’ போதும். கல்லீரல் அளவில் பெரிதாகியிருக்கிறது என்பதை மட்டுமே அந்தச் சொல் சொல்கிறது. காரணம் அழற்சியாகவும் இருக்கலாம், கொழுப்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நாளைக்கு ‘ட்ரக்கியாட்டமி’, ‘ட்ரக்கியாஸ்டமி’ என்னும் இரண்டையும் பிரித்து, அவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று எழுதுங்கள்.